கீழே எழுதியிருந்த வரி

முப்பது வருஷமாக மருந்துக் கடையில் நிற்கிறேன். கடையில் எல்லாரும் என்னை 'அரை டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு கிறுக்கலாக எழுதியிருந்தாலும் மருந்தின் பெயரையும் எண்ணிக்கையையும் ஒரே பார்வையில் பிடித்துவிடுவேன். அதற்குக் கீழே இருப்பதைப் படிப்பதில்லை. வரிசையில் பத்துப் பேர் முணுமுணுக்கும்போது யாருக்கு நேரம்?

என் மகளுக்குப் பத்தொன்பது வயது. பிறவியிலேயே ரத்தக் கோளாறு, தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற ரத்தத்தோடு இரும்புச்சத்தும் உடம்பில் தங்கிவிடும். அதை வெளியேற்றும் மருந்தை ஒரு சின்ன பம்பு ஊசி வழியாக ஏற்றும். அந்தப் பம்பை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள்.

பரிசோதனையில் வைட்டமின் சி குறைவு என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். பூ, இவ்வளவுதானா என்று கடையிலிருந்து நானே எடுத்து வந்தேன். அந்த வாரமே பம்பு பழுதாகி ரிப்பேருக்குப் போனது. போனது போனதுதான், ஐந்து வாரம் ஆகியும் வரவில்லை. பம்புதான் இல்லை, வைட்டமினாவது சேரட்டுமே என்று ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தேன். அந்த மாத்திரையின் ஆரஞ்சு வாசனை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒருநாள் மாடிப்படி ஏறும்போது அவளுக்கு மூச்சு முட்டியது. கால் வீங்கியது. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் தான் எழுதிக் கொடுத்த பழைய சீட்டை வாங்கி விரித்து, மருந்துப் பெயருக்குக் கீழே விரலை வைத்தார். 'பம்பு ஓடும்போது மட்டும்' என்று இருந்தது.

அந்த மாத்திரை, தங்கியிருக்கும் இரும்பைக் கிளப்பிவிடுமாம். வெளியேற்ற வழி இல்லாவிட்டால் அது இதயத்தில் போய் உட்காருமாம். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சரியாகிடுமா சார்?"

"பார்க்கலாம்."

கையிருப்பில் இல்லாத மருந்தைக் கேட்பவர்களிடம் நானும் அப்படித்தான் சொல்வேன். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் கைவைத்தது என் ஒரே பெண்ணின் மேல்.

இப்போது மூன்று தலையணையில் சாய்ந்து கிடக்கிறாள். ஆஸ்பத்திரி பம்பு ஓடுகிறது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பக்கத்தில் நின்றேன்.

"அப்பா, எல்லா மருந்தும் கசக்குது. அந்த ஆரஞ்சு மாத்திரை ஒண்ணு குடுங்க."

"இல்லம்மா, தீந்துபோச்சு."

நம்பாமல் மெல்லக் கையை நீட்டி என் சட்டைப்பையைத் தடவினாள்.

"இருக்கே," என்று சிரித்தாள்.