பழைய கக்கூஸில் பாடிய குரல்

அறையில் இருந்தவர்கள்: மனிதவள அதிகாரி மேனுகா. நாலாம் லைன் சுப்பவைசர் விஜிதரன். முந்தின நாள் பேய்க்குப் பயந்து மயங்கி விழுந்த வினோஜா. அவளைப் பிடித்துக்கொண்டிருந்த நஸீஹா. உட்காரக் கதிரை கிடைக்காமல் அலுமாரியோடு ஒட்டி நின்ற சுமித்திரா.

ஒட்டுசுட்டான் பக்கம் இருந்த அந்தத் தையல் தொழிற்சாலையில் மூன்று நாளாக வேலை ஒழுங்காக நடக்கவில்லை. கட்டடத்துக்குப் பின் வளவில், பூட்டிக் கிடக்கும் பழைய கக்கூஸுக்குள் ஓர் ஆண் குரல் பாடுகிறது என்று பெட்டைகள் சொன்னார்கள். அந்த நிலத்தில் யார் எப்படிச் செத்தார்கள் என்று ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். நேற்று ஐந்து பேர் மயங்கினார்கள். இன்று பதினொரு பேர் வரவில்லை.

குரல் யாருடையது என்று சுமித்திராவுக்குத் தெரியும். அவளுடையதுதான்.

அடையாள அட்டையில் அவள் பெயர் சுதாகரன். பெண்களின் கக்கூஸுக்குப் போனாள், முறைப்பாடு வந்தது. ஆண்களின் பக்கம் போனாள், வாசலில் நின்று விசிலடித்தார்கள். "பின்னால பூட்டிக் கிடக்கிற கக்கூஸைப் பாவிச்சுக்கொள். ஒருத்தருக்கும் சொல்லாதை" என்று விஜிதரன்தான் பூட்டின் திறப்பை அவள் கையில் வைத்தான். லைனில் அவள் வாய் திறப்பதில்லை. திறந்தால் கட்டைக் குரலுக்குச் சிரிப்பார்கள். எட்டு மாதம் தலையாட்டியே தைத்தாள். அதனால் அவள் குரல் அங்கே யாருக்கும் தெரியாது. அந்தப் பூட்டிய கதவுக்குள் மட்டும், தண்ணீரைத் திறந்துவிட்டு, மெல்லப் பாடுவாள். அவள் நிறுத்திய பிறகும் பாட்டு ஒரு வரி தொடரும். சுவரின் எதிரொலி என்று வைத்துக்கொண்டாள். வேறு என்னவென்று வைப்பது?

"வெள்ளிக்கிழமை ஐயர் வாறார்," என்றாள் மேனுகா. "சாந்தி செய்து, அதை இடிச்சுப்போட்டால் சரி."

இடித்தால் அவளுக்குப் போக இடமில்லை. காலை ஏழிலிருந்து பின்னேரம் ஐந்து வரை அடக்கிக்கொண்டு தைக்க முடியாது. உண்மையைச் சொன்னால் பயம் போகும், திறப்புத் தந்த விஜிதரன் ஓமென்று ஒப்புக்கொள்வான், வேலை தங்கும் என்று நம்பினாள்.

"மிஸ், பேய் இல்லை. நான்தான் பாடினனான்."

வினோஜா கத்திக்கொண்டு நஸீஹாவின் தோளில் முகம் புதைத்தாள். "இதுதான்! இந்தக் குரல்தான்!"

"பூட்டின இடத்துக்குள்ள எப்பிடிப் போனனீர்?" என்றாள் மேனுகா.

"விஜி அண்ணை திறப்புத் தந்தவர்."

விஜிதரன் மேசையில் கிடந்த நூலை விரலில் சுற்றினான். "நான் ஏன் மிஸ் குடுக்கிறன்? களவாய் எடுத்திருப்பான்."

"எடுத்திருப்பாள்," என்றாள் நஸீஹா.

"என்னவோ ஒண்டு."

நஸீஹா மேனுகாவிடம் திரும்பினாள். "அக்காவை எங்கட பக்கம் விடுங்கோவன் மிஸ். பேய் திரியுதெண்டு நினைச்சுக்கொண்டே மூண்டு நாள் ஒண்டுக்குப் போனனாங்கள். இவா என்ன, கடிக்கப்போறாவே?"

மேனுகா சிரிக்கவில்லை. "பேயெண்டால் ஐயரைக் கூப்பிடலாம். இதுக்கு ஆரைக் கூப்பிடுறது?" வெள்ளைத் தாள் ஒன்றைத் தள்ளினாள். "நீராய் வேலையை விட்டு விலகுறதெண்டு எழுதும். களவெண்டு பொலிசுக்குப் போகாமல் விடுறன். அட்டையில இருக்கிற பேரை வையும்."

சுமித்திரா விஜிதரனைப் பார்த்தாள். அவன் நூலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுதினாள். சுதாகரன்.

"மிஸ்," என்றாள் வினோஜா, முகத்தை எடுக்காமலே. "நான் கேட்டது ரெண்டு குரல். இவா விட்ட இடத்தில மற்றது பிடிச்சது."

மேனுகா தாளை இழுத்து மடித்தாள். சுமித்திராவின் கையில் மயிர் குத்திட்டது.

தேத்தண்ணி நேரம். மெசின்கள் நின்றிருந்தன. வெளிவாசலில் காவலாளி மாயாண்டியிடம் சுமித்திரா வழக்கம்போல் பையைத் திறந்து நீட்டினாள். துணித்துண்டு, ஊசி என்று தினமும் கிளறுகிறவர் இன்று தொடவில்லை.

"வேணாம். நீ போ தாயி."

அப்போது பின் வளவிலிருந்து அது வந்தது. அவள் பாடும் பாட்டுத்தான். முதல் வரியிலிருந்து.

"கேக்குதோ ஐயா?"

"கேக்குது. திரும்பிப் பாக்காம போ."

அவள் வெளியே கால் வைத்ததும் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார். இரண்டு தரம் திறப்பைத் திருப்பிப் பூட்டினார்.