வராத எழுபத்து நான்கு மூட்டை

அந்த ஆராய்ச்சி நிலையம் இனாயத்துக்குத் தரவேண்டியது நாலாயிரத்து நூற்று நாற்பது ரூபாய். நாற்பத்தாறு மூட்டை கருங்கல் தூள், மூட்டைக்குத் தொண்ணூறு ரூபாய் கூலி. அடையாறில் அவர்கள் கட்டடத்துச் சந்துக்குள் லாரி நுழையாது. தெருமுனையில் இறக்கி, மீன்பாடி என்னும் மூன்று சக்கர மிதிவண்டியில் ஏற்றிப் போய், பின்னால் இருந்த நிலத்தில் அவன் இறைத்து மூன்று மாதம் ஆயிற்று. வண்டி வாடகை பாக்கிக்காக, வண்டிக்குச் சொந்தக்காரரான பீர் முஹம்மது அதைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார். வண்டி இல்லாவிட்டால் இனாயத்துக்கு ஏது பிழைப்பு?

மண்ணில் கிடக்கும் கல் தூள் மழையில் நனைந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளுமாம். எவ்வளவு இழுக்கிறதென்று அங்கே வேலை பார்க்கும் ஷண்முகப்ரியா பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்து அளந்துகொண்டிருந்தாள். சரியாகச் சொல்ல நாலைந்து வருஷமாவது ஆகும் என்று அவளே இனாயத்திடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு வேலை தெரியும். அவளுக்கு மேலே இருந்த இயக்குநர் முத்துகிருஷ்ணனுக்குத் தெரிந்ததெல்லாம் டெல்லிக்கு எத்தனை மணிக்கு விமானம் என்பதுதான்.

இனாயத் கூலி கேட்டுப் போன அன்றும் அவர் டெல்லிக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார். கொள்கை வகுக்கும் கூட்டமாம். ஆலைகள் இப்போதைக்கு நிலக்கரியை எரிக்கட்டும், விட்ட புகையைப் பிறகு கல் தூள் போட்டு இழுத்துக்கொள்ளலாம் என்று அங்கே சொல்லப்போகிறாராம். இனாயத்தைப் பார்த்ததும் ஒரு தாளையும் மைப்பெட்டியையும் முன்னால் தள்ளினார். கைநாட்டு வைத்தால் பணம் வரும் என்றார்.

இனாயத் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன். விரலை வைத்து வரிவரியாகக் கூட்டிப் படித்தான். இயக்குநர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். தாளில் நூற்றிருபது மூட்டை இறைத்ததாக எழுதியிருந்தது.

"நான் எறக்குனது நாப்பத்தாறுதானே சார்."

மீதி அடுத்த வருஷம் வரப்போகிறது, எப்படியும் போடத்தானே போகிறோம், அதனால் டெல்லியில் காட்டும் கணக்கில் இப்போதே சேர்த்தாயிற்று என்றார் அவர். குழந்தைக்குச் சோறூட்டுகிற குரல்.

"அப்ப கூலியும் நூத்திருவதுக்கே குட்த்துரு சார். பத்தாயிரத்து எண்ணூறு. மீதிய அடுத்த வருசம் வந்து தூக்கறேன்."

"வேலை செய்யாம எப்படி பாய் கூலி குடுக்க முடியும்?"

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போலும், மனிதர் சட்டென்று தாளை மடிக்க ஆரம்பித்தார். ஓரமாக நின்ற ஷண்முகப்ரியா துடைத்த பாட்டிலையே மறுபடி துடைத்தாள்.

"உங்க காசுன்னா கணக்கு கரீட்டா வருது. காத்து யார் வூட்டு சொத்தோ, இஷ்டத்துக்கு எழுதிக்கினு கீறீங்க."

வாட்ச்மேனிடம் கைநாட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று முணுமுணுத்தபடி இயக்குநர் தாளைப் பைக்குள் திணித்தார். அது அவர் பாடு. இனாயத் வாசலை மறித்து நின்றான். கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது. அவன் நகரவில்லை.

வேறு வழியில்லாமல் பர்ஸ் திறந்தது. அதில் நாலாயிரம்தான் இருந்தது. நூற்று நாற்பதை அடுத்த தடவை தருகிறேன் என்றார். இனாயத் கையை நீட்டியபடியே நின்றான். ஹாரன் மறுபடி அடித்தது. இயக்குநர் ஷண்முகப்ரியாவைப் பார்த்தார். அவள் கைப்பையிலிருந்து நூற்று நாற்பதை எடுத்துக் கொடுத்தாள்.

எண்ணிப் பார்த்துவிட்டு இனாயத் வழிவிட்டான். அவன் கணக்கு தீர்ந்தது. அவள் காசு எந்த வருஷம் திரும்பி வருமோ, அதை அவள்தான் அளந்து சொல்ல வேண்டும்.