பத்து நகங்களும் ஒரு விசிலும்

"கையை நீட்டு" என்றார் கிளெனிஸ் ஆன்ட்டி.

ஹையில்வென் நீட்டவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தேவாலயத்தில் பாட வந்த பிள்ளை மாதிரி நின்றாள்.

அன்று எங்கள் ஊர் கம்டெர்வனின் பெண்கள் நெட்பால் அணிக்கு சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் முதல் டிவிஷனில் இருப்போம். டிரா ஆனாலும், தோற்றாலும் இரண்டாவதுக்கு இறங்குவோம். இறங்கினால் மூன்று பேர் டவுன் கிளப்புக்குப் போய்விடுவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அப்புறம் அணிக்கு வேண்டிய ஏழு பேர் தேறாது. தையல் ஃபேக்டரிப் பெண்கள் ஷிஃப்ட் முடிந்து ஆரம்பித்த கிளப், முப்பத்தெட்டு வருடம் கழித்து என் தலைமையில் மூடப்படும்.

வளையத்தில் பந்து போடும் எங்கள் முக்கிய ஷூட்டர் ஹையில்வென்தான். மறுநாள் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை, கிளெனிஸ் ஆன்ட்டியின் மகன் காரெத்.

கிளெனிஸ் ஆன்ட்டிதான் அம்பயர். எங்கள் லீகில் ஒவ்வொரு கிளப்பும் தன் அம்பயரைத் தானே கூட்டி வர வேண்டும். வராவிட்டால் புள்ளி போய்விடும். இரண்டு அம்பயர்களுக்கும் கோர்ட்டில் ஆளுக்குப் பாதி. எங்களுக்கு இருபது வருடமாக இவர்தான்.

"கையை நீட்டுன்னேன்."

நீட்டினாள். பத்து ஒட்டு நகங்கள். முத்து நிறத்தில், நீளமாக, பளபளவென்று. உள்ளங்கைப் பக்கமிருந்து பார்த்தாலே விரல் நுனியைத் தாண்டித் தெரிந்தன. தெரியக் கூடாது என்பதுதான் விதி.

"ஆன்ட்டி, நீங்கதானே காலையில கூட்டிட்டுப் போய் வெச்சு விட்டீங்க! கல்யாணப் பரிசுன்னு!"

"காலையில நான் மாமியார். இப்ப கழுத்துல விசில் இருக்கு."

"டேப் ஒட்டிக்கட்டுமே?" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"மெய்னிர், இந்த மழையில டேப் அஞ்சு நிமிஷம் நிக்காது. எவ கண்ணுலயாவது கீறினா நீயா பதில் சொல்லுவே?" பையிலிருந்து நகவெட்டியை எடுத்தார். "வெட்டு. இல்லேன்னா பெஞ்சுல உக்காரு."

"நாளைக்கு மோதிரம் போடுற கை ஆன்ட்டி இது!"

"தெரியும். போடப்போறவன் என் பிள்ளைதான்."

ஹையில்வென், கோல் ஷூட்டருக்கான 'ஜி.எஸ்.' என்று எழுதிய மேலங்கியைக் கழற்றி என் மேல் வீசிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். எங்களுக்கு மாற்று ஆள் ஒருத்திதான். அவளும் அன்று ஆஸ்பத்திரி வேலையில் ஷிஃப்ட்டில் இருந்தாள்.

ஆறு பேராக இறங்கினோம்.

எதிரணி பிரின்ஹெலிக். அவர்களின் கேப்டன் டெக்வென், கோல் கீப்பர், ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. எங்கள் இன்னொரு ஷூட்டர் லின்வென் ஒருத்தியே ஷூட் செய்ய, இரண்டு பேர் அவளைச் சுவர் மாதிரி மறைத்தார்கள். முதல் கால்பகுதியில் ஒன்று பின்தங்கினோம். அரைநேரத்தில் மூன்று. மூன்றாவது முடிந்தபோது 17-22.

எல்லைக்கோட்டுக்கு வெளியே பிரின்ஹெலிக் கோச் சாண்ட்ராவின் வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன கல்யாணப் பொண்ணே, பாலிஷ் காஞ்சிடுச்சா? கிளப்பைப் புதைக்கறதுக்கும் சேர்த்துப் பூ சொல்லிடு!"

ஹையில்வெனின் முகம் சிவந்தது. லின்வெனைப் பார்த்தாள். தார்த்தரையில் விழுந்து முழங்கால் உரிந்து, ரத்தத்தை மழை கழுவிக்கொண்டிருந்தது. அவளோ அதைக் கவனிக்காமல் ஆரஞ்சுத் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

ஹையில்வென் எழுந்தாள். விறுவிறுவென்று கோர்ட்டைக் கடந்துபோய்க் கையை நீட்டினாள்.

"வெட்டுங்க."

மூன்றே நிமிட இடைவேளை. ஒட்டு நகம் கெட்டி; நகவெட்டி கடிக்க மறுத்தது. கிளெனிஸ் ஆன்ட்டி விசிலைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு விரலாகப் பிடித்து வெட்டினார். அரத்தால் தேய்த்து ஓரத்தை மழுக்கினார்.

"வலிச்சா சொல்லு, கண்ணு."

"வலிக்கல. எரிச்சலா வருது."

"யார் மேல?"

"உங்க மேலதான்."

"சரி. அதைப் பந்துல காட்டு."

காட்டினாள். 18. 19. 20. டெக்வென் குதித்தால் இவள் காத்திருந்தாள். டெக்வென் காத்திருந்தால் இவள் எறிந்தாள். ஈரப் பந்து பிரின்ஹெலிக்காரிகளின் கையில் வழுக்கியது. சாண்ட்ரா கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு நிமிடம் மீதி இருக்கையில் 26-26.

நாங்கள் கோல் போட வேண்டிய வளையம் கிளெனிஸ் ஆன்ட்டியின் பாதியில் இருந்தது.

பந்து என்னிடம் வந்தது. ஹையில்வெனுக்குத் தூக்கிப் போட்டேன். பிடித்தாள். மூன்று விநாடிதான் வைத்திருக்கலாம். ஒன்று. இரண்டு. எறிந்தாள். பந்து வளையத்தின் விளிம்பில் ஏறி, ஒரு சுற்று சுற்றி, யோசித்து—

விழுந்தது. ஆட்டம் முடிகிற மணியும் அடித்தது.

எது முதலில்?

கிளெனிஸ் ஆன்ட்டியின் கை நேராக மேலே போனது. கோல்.

"அநியாயம்!" சாண்ட்ரா கோர்ட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள். "மருமக போட்ட பந்துக்கு மாமியார் தூக்கின கை! லீகுக்கு எழுதப்போறேன்!"

அவளைத் தடுத்தது நாங்கள் இல்லை. டெக்வென்.

"விடுங்க சாண்ட்ரா. கல்யாணத்துக்கு முந்தின நாள் சொந்த மருமகளையே முக்கால்வாசி ஆட்டம் வெளிய உக்கார வெச்ச பொம்பளை. அவங்க கோல்னு சொன்னா கோல்தான்." ஹையில்வெனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "நல்லா போட்டேடி, பாவி!"

சாண்ட்ரா முனகிக்கொண்டே போய் ஸ்கோர் தாளில் கையெழுத்துப் போட்டாள். 27-26.

லின்வென் நொண்டிக்கொண்டே நடனமாடினாள். நான் அழுதேன், மழை என்று சொல்லிக்கொண்டேன்.

ஹையில்வென் மட்டும் அம்பயரிடம் போனாள்.

"மணி முதல்ல அடிச்சிருந்தா?"

"கோல் இல்லேன்னு சொல்லியிருப்பேன்."

"கிளப்பே போயிருக்குமே!"

"போயிருக்கும். வீட்டுக்குப் போய் அழுதிருப்பேன்." விசிலை முந்தானை போலிருந்த ஈர மஃப்ளரில் துடைத்தார். "செப்டம்பர்ல அடுத்த சீசன் முதல் ஆட்டம் வெளியூர்ல. தேனிலவு, அது இதுன்னு சாக்கு சொல்லாம வரணும்."

"வரேன்... அம்மா."

கிளெனிஸ் ஆன்ட்டி சட்டென்று திரும்பிக்கொண்டு, காலியான கோர்ட்டைப் பார்த்துக் காரணமே இல்லாமல் ஒரு விசில் ஊதினார்.