நோன்பு நாளில் எடுத்த நீர்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கலையரசி கெட்டதும் அப்படித்தான். அதுவும் மைக்கைப் பிடித்துக்கொண்டு.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்களையெல்லாம் கேன்டீனில் உட்காரவைத்து, மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பேச அவளைக் கூப்பிட்டிருந்தது. வேலூரில் ஆராய்ச்சி செய்கிறவள், குடியாத்தத்துப் பெண், நம் பாஷையிலேயே விளக்குவாள் என்று நம்பினார்கள். நன்றாகத்தான் விளக்கினாள். கட்டி மார்போடு கிடக்கிறவரை அறுத்து எறிந்துவிடலாம். அது பெயர்ந்து நுரையீரலுக்கும் எலும்புக்கும் போகும்போதுதான் பெரும்பாலும் ஆளைக் கொல்கிறது. அப்படிப் போக வழி வெட்டிக் கொடுப்பது ஒரு புரதம், அதைத்தான் நான்கு வருஷமாகத் துரத்துகிறேன் என்றாள். அதோடு இறங்கியிருக்கலாம். உண்ட மயக்கத்தில் கூட்டம் கண்ணை மூட ஆரம்பித்தது. உடனே ஒரு கதையை எடுத்துவிட்டாள்.

"உங்க ஊர் அம்மா ஒருத்தங்க. நோய் நுரையீரல் பக்கம் போய் நீர் கோத்துடுச்சு. ஊசி வெச்சு எடுக்கும்போது, 'நோம்பு மாசத்துல இம்மாந் தண்ணி எனக்கு எங்கேர்ந்து வந்துச்சு?'ன்னு கேட்டுச் சிரிச்சாங்க. அவங்க இப்ப இல்ல. ஆனா அந்தத் தண்ணியில இருந்த செல்லுங்க எங்க லேப்ல இன்னும் வளந்துட்டிருக்கு. ஒரு வகையில பாத்தா, அந்தம்மா உயிரோடதான் இருக்காங்க!"

கூட்டம் விழித்துக்கொண்டு சிரித்தது. கை தட்டியது. தட்டாமல் உட்கார்ந்திருந்த ஒருத்தியை அவள் கவனிக்கவில்லை.

அந்த வாரமே அந்த ஒருத்தி ஆராய்ச்சிக்கூட வாசலில் வந்து நின்றாள். கறுப்பு புர்கா, கழுத்தில் ஷூ கம்பெனி அடையாள அட்டையைக் கழற்ற மறந்திருந்தாள். பெயர் வஜீதா, ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள்.

"மேடம், அன்னிக்கு நீங்க சொன்னது எங்கம்மாவ. சுகரா பேகம்."

கலையரசி அவசரமாக மறுத்தாள். "இல்லம்மா, எங்களுக்குப் பேரெல்லாம் தெரியாது. நம்பர் மட்டும்தான் வரும்."

"பேரு தெரியாதா? தண்ணி எடுக்கும்போது நீங்கதான் பாட்டில புடிச்சிட்டு நின்னீங்க. நான் அந்தாண்ட அம்மா கையப் புடிச்சிட்டு இருந்தேன்."

வஜீதா கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

"ஆபரேஷன்ல மார்ப எடுத்தாங்களே, அதுல பரிசோதன முடிஞ்சு மிச்சம் இருந்ததக்கூட எங்க மாமா கேட்டு வாங்கினு வந்து கபரஸ்தான்ல அடக்கம் பண்ணாரு. அவங்க ஒடம்புல எதுவும் வெளிய கெடக்கக் கூடாதுன்னு. எல்லாம் மண்ணுக்குப் போய்ட்டுதுன்னு நிம்மதியா இருந்தோம். நீங்க இன்னான்னா உயிரோட இருக்காங்கன்னு மைக்ல சொல்றீங்க. அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. குடுத்துடுங்க மேடம். அம்மா பக்கத்துல வெச்சுடறேன்."

உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே ஓடி, தன் பேராசிரியர் பிரேம்நாத்துக்குப் போன் போட்டாள் கலையரசி. அவர் ஒரே மூச்சில் முடித்தார். "அந்தம்மா சம்மதிச்சு கையெழுத்துப் போட்டிருக்காங்க. பொண்ணு வந்து கேட்டா குடுக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. நீ பேச்சே வெச்சுக்காத, அனுப்பிடு."

சட்டம் அவள் பக்கம்தான். மனசுதான் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அல்லாடியது. விலைக்கு வாங்கும் செல்களெல்லாம் வருஷக்கணக்காகக் குடுவையில் வளர்ந்து, பிறந்த உடம்பின் குணத்தையே மறந்துவிட்டவை. சுகரா பேகத்தின் செல்கள் அப்படியில்லை. அவர் உடம்புக்குள் எப்படித் துளைத்துக்கொண்டு போயினவோ, அப்படியே சதை மாதிரி உறையவைத்த ஜெல்லுக்குள்ளும் போயின. அந்தப் புரதத்தை அடக்கிப் பார்த்தபோது, போன மாதம் முதல்தடவையாக நின்ற இடத்திலேயே நின்றன. கலையரசி அன்று லேப்பிலேயே அழுதுவிட்டாள். ஆனால் ஒருமுறை நடந்தால் யாரும் நம்பமாட்டார்கள். திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். அதற்கு இந்தச் செல்கள் வேண்டும். பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாள். சாப்பாடு மாற்றும்போதெல்லாம் "சாப்பிடு தாயே" என்று சொல்லித்தான் ஊற்றுவாள். இப்போது கொடுத்துவிட்டால் நான்கு வருஷமும் ஆற்றில் போட்டதுதான்.

ஒரு குடுவையை மட்டும் கையில் கொடுத்து, 'இவ்வளவுதான் இருந்தது' என்று சொல்லிவிட்டால்? உறைபெட்டியில் மிச்சம் இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும்? அப்படி ஓர் எண்ணம் வந்ததற்கே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் எண்ணம் போகவில்லை. கடைசியில், நேரில் காட்டினால் மனம் இளகிவிடுவாள் என்று கணக்குப் போட்டு வெளியே வந்தாள்.

"முதல்ல வந்து பாருங்க. அப்புறம் நீங்க சொல்றபடி செய்யலாம்."

அங்கி மாட்டிவிட்டு, உள்ளே கூட்டிப்போய், செல்களைச் சூட்டில் வளர்க்கும் பெட்டியைத் திறந்து 'ஏ-7' என்று எழுதிய குடுவையை எடுத்தாள். வஜீதா இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"சூடா இருக்குதே."

"ஒடம்பு சூடும்மா. அந்த அளவுலயே வெச்சிருக்கோம்."

வஜீதா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது. பிறகு நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தாள். கோணலும் மாணலுமாய், காலை நீட்டிப் படுத்த மாதிரி செல்கள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன.

"செவப்பா இருக்குதே, இது இன்னா?"

"அது சாப்பாடு. சர்க்கர, சத்து, கன்னுக்குட்டி ரத்தத்துலேர்ந்து எடுத்த சீரம், எல்லாம் இருக்கு."

"கன்னுக்குட்டித் தோலு எங்க கம்பெனிக்கு, ரத்தம் உங்களுக்கா?" வஜீதா அழுகைக்கு நடுவே லேசாகச் சிரித்தாள். "தெனம் போடணுமா?"

"ரெண்டு நாளைக்கு ஒருதரம். விட்டா செத்துடும். தீபாவளி அன்னிக்குக்கூட எண்ணெய்த் தலையோட வந்து வெச்சிட்டுப் போனேன்." பெருமையாகத்தான் சொன்னாள். பட்டும் புத்தி வரவில்லை.

வஜீதாவின் சிரிப்பு நின்றது. நுண்ணோக்கியிலிருந்து மெல்ல விலகினாள்.

"எங்கம்மாவுக்குக் கடைசியில ஒரு வாய் கஞ்சி எறங்கல மேடம். பால ஸ்பூன்ல வெச்சா கடவாயில வழிஞ்சிடும். நோய் எல்லாத்தையும் உறிஞ்சிட்டுதுன்னு டாக்டர் சொன்னாரு. எலும்பாத்தான் குளிப்பாட்டினேன். அந்த நோய்க்கு நீங்க பண்டிக நாள்லயும் வந்து சோறு போடுறீங்க. பாம்புக்குப் பால் ஊத்துறீங்களா?"

"இத நிறுத்த வழி கண்டுபுடிக்கத்தாம்மா வளக்கிறோம். நாளைக்கு இன்னொருத்தரு..." முழு உண்மைதான் அது. இருந்தாலும் அந்த நேரத்தில் அவள் காதுக்கே சாக்குப்போக்காகக் கேட்டது.

வஜீதா குடுவையைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் நெஞ்சோடு அதை வைத்திருந்த கைகளைப் புர்காவில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"நான் கேட்டது தப்பு. இத எடுத்துனு போய் அம்மா பக்கத்துல வெக்க மாட்டேன். இருந்தப்ப அவங்களத் தின்னது போதும். நீங்களே வெச்சுக்கங்க, ஆராய்ச்சி பண்ணுங்க. ஆனா எங்கம்மா உயிரோட இருக்காங்கன்னு இனிமே எந்த மைக்லயும் சொல்லாதீங்க. எங்கம்மா செத்துட்டாங்க மேடம். இங்க உயிரோட இருக்கறது அவங்களக் கொன்னது."

அங்கியைக் கழற்றி ஒழுங்காக மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போய்விட்டாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று சந்தோஷப்பட வேண்டியவள் கலையரசி. கேட்காமலே கிடைத்துவிட்டது. ஒரு குடுவையும் குறையவில்லை, ஒரு பொய்யும் தேவைப்படவில்லை.

அன்று ஏ-7-க்குச் சாப்பாடு மாற்ற வேண்டிய நாள். பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதைக் குழாயில் ஏற்றினாள். வாய் வழக்கம்போல் "சாப்பிடு" என்றது. அடுத்த சொல் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அது இல்லாமலே ஊற்றினாள்.