பதினொரு மூலைக் கெட்டில்

உங்கள் வீட்டு டீ கெட்டிலுக்கு எத்தனை மூலை என்று எண்ணியிருக்கிறீர்களா? இருளப்பனுடையதற்குப் பதினொன்று.

கடல் தாண்டிய ஊரில் ஒன்பது வருடமாகச் சுவருக்கு வர்ணம் அடிப்பவன் அவன். வெள்ளிக்கிழமை விடுமுறையில் கெட்டிலைப் பார்த்து ஒரு பிளைவுட் துண்டில் வரைந்தான். சுவரில் செய்வது போலவே நீலப்பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்து அடித்தான். நூலில் வளைவு வராது. படம் முடிந்ததும் அடுப்பிலிருந்த கெட்டிலும் அப்படியே ஆனது.

அறைத் தோழன் சகாயம் டீயைக் குடித்துப் பார்த்தான்.

"நாக்குல குத்துதுல. ஆனா நல்லாருக்கு."

சனிக்கிழமை வளைவுத் துறையிலிருந்து அதிகாரி வந்தார். தமிழில் பேசினார்.

"இதுல இருந்த வளைவு எங்க?"

"நான் எடுத்துட்டேங்க சார்."

"தப்புன்னு எழுதிக் குடு. பழையபடி உருட்டிடறோம்."

"தப்பு எங்கன்னு காட்டுங்க. எழுதுறேன்."

அதிகாரி ரசமட்டம் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். ஒரு கோடும் மயிரிழை பிசகவில்லை. அவர் முகம் வாடிவிட்டது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. அதனால இதுக்கு மன்னிப்பு கிடையாது. படத்தக் குடு, இல்ல கட்டிலக் குடு."

கட்டில் இல்லாதவனுக்கு அறையில் படுக்க அனுமதி இல்லை. படுக்க இடமில்லாதவனை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இருளப்பன் இதுவரை நாலாயிரம் சுவர் அடித்திருக்கிறான். ஒன்றிலும் அவன் பெயர் இல்லை. இந்தப் பிளைவுட்டின் அடியில் இருந்தது. பெயரையும் நூல் அடித்தே எழுதியிருந்தான்.

"கட்டில எடுத்துக்கங்க," என்றான்.

அதிகாரி கட்டிலை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

"ஏல, எங்க படுப்ப?" என்றான் சகாயம்.

"படுக்கல. நிக்கிறவனப் பத்தி சட்டத்துல ஒண்ணும் இல்ல."

படத்தைச் சுவரில் மாட்டி, அதன் பக்கத்தில் நின்றபடியே தூங்கினான். நன்றாகத் தூக்கம் வந்தது.

மறுநாள் காலை அதிகாரி மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் இடுப்பில் இட்லிக் குண்டான் இருந்தது.

"இவளுக்கும் ஒண்ணு வரையணுமாம்," என்றார் அதிகாரி.

இருளப்பன் அவர்களை வரிசையில் நிற்கச் சொன்னான். வரிசையில் வேறு யாரும் இல்லை. நின்றார்கள்.