ஒரு நாள் தொப்பிக் கடை

ரஸ்ஸல் தன் அம்மாவிடம் சொன்ன பொய் சின்னதுதான். "சொந்தமா ஒரு கடை வெச்சிருக்கேம்மா" என்று பெருமையாக ஆரம்பித்துவிட்டான். "என்ன கடைடா?" என்று அம்மா வெர்னா ஃபோனில் கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பினான். எதிர்ச் சாரியில் ஒரு தொப்பிக் கடை கண்ணில் பட்டது. "தொப்பிக் கடை" என்று சொல்லிவிட்டான். ஒஹையோவிலிருந்து கிழவி பஸ் ஏறி நியூயார்க்குக்கா வரப்போகிறாள் என்ற தைரியம்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில்.

ரஸ்ஸலின் கடை ஆணுறைக் கடை. ஆணுறையைத் தவிர அங்கே வேறு ஒன்றும் கிடையாது. கிரீன்விச் வில்லேஜில் அதைத் தெரியாதவர்கள் இல்லை. நல்ல வெளிச்சம், பெரிய கண்ணாடி ஜன்னல், சுவர் முழுக்க மிட்டாய்க் கடை மாதிரி வண்ண வண்ணப் பெட்டிகள். கவிதை எழுதுகிறவர்கள், எழுதுவதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள், பெண் வேஷம் கட்டிப் பாடும் ஆண்கள், கல்யாணமாகிப் பல வருஷமான ஜோடிகள், எல்லாரும் வருவார்கள். பாதிப் பேர் வாங்க வருவார்கள், மீதிப் பேர் வம்பு பேச வருவார்கள். மருந்துக் கடையில் கேட்டால் அங்கிருப்பவன் விலையைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவான். இங்கே யாரும் கத்துவதில்லை.

இதைப் பெற்ற தாயிடம் மறைப்பானேன் என்று கேட்கலாம். காரணம் டேனி. ரஸ்ஸலின் தம்பி. இதே நகரத்தில் எய்ட்ஸ் வந்து செத்துப்போனான். உடலை ஊருக்குக் கொண்டுபோனபோது சர்ச் வாசலில் எல்லாரும் என்ன வியாதி என்று கேட்டார்கள். "நிமோனியா" என்றாள் வெர்னா. பக்கத்தில் நின்ற ரஸ்ஸல் ஆமாம் என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டல்தான் அவனைத் தூங்கவிடாமல் அடித்து, இருந்ததையெல்லாம் போட்டு இந்தக் கடையைத் திறக்க வைத்தது. கடையைப் பற்றிச் சொன்னால் டேனியைப் பற்றிப் பேச வேண்டும். பேசினால் அம்மா உடைந்துபோவாள், அல்லது இவன் முகத்தில் விழிக்க மாட்டாள். மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். அவளையும் இழக்க அவனுக்குத் தெம்பில்லை.

விஷயத்தை இவெட்டிடம் சொன்னான். அவள் பக்கத்து நிலவறை நாடகக் கொட்டகையில் மேடை அமைப்பவள்.

"இதுக்கா மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டிருக்க? நான் போன மாசம் முழு அரண்மனையவே கட்டினேன். உன் கடைய ஒரு நாளைக்குத் தொப்பிக் கடையா மாத்தறது ஒரு வேலையா?"

"சும்மா நாலு தொப்பி மாட்டினா போதும் இவெட்."

போதும் என்ற வார்த்தை நாடகக்காரர்களுக்குப் பிடிபடுவதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் சுவர்ப் பெட்டிகளின் மேல் சிவப்பு வெல்வெட் திரை தொங்கியது. அதன் முன்னால் நாடகக் கொட்டகையிலிருந்து கொண்டுவந்த அறுபது தொப்பிகள். இறகு வைத்தது, மணி கோத்தது, கன்னியாஸ்திரியின் முக்காடு, தளபதியின் குல்லாய், கொம்பு முளைத்த ஒன்று. ஜன்னலில் தங்க எழுத்தில் 'ரஸ்ஸலின் தொப்பிகள்' என்ற பலகை. எதிர்க் கடைக்காரரே வந்து பார்த்துவிட்டு வயிறெரிந்து போனார்.

வெர்னா கைப்பையோடு வந்து இறங்கினாள். எழுபது வயது. முப்பது வருஷம் ஷூக் கடையில் வேலை பார்த்தவள். கடையைச் சுற்றி வந்து, மூன்று முனை வைத்த ஒரு தொப்பியைக் கையில் எடுத்தாள்.

"இத யாருடா வாங்குவா?"

"கடற்படைக்காரங்கம்மா."

"நம்ம கடற்படையா?"

இவெட் திரைக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அத்தோடு விட்டிருந்தால் தேவலை. ஆனால் வாடிக்கையாளர் வந்தால் வெர்னாவால் உட்கார்ந்திருக்க முடியாது, கை அரிக்கும். டெக்ஸஸிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த இரண்டு அக்கா தங்கைகள் உள்ளே நுழைந்தார்கள். ரஸ்ஸல் காபி வாங்கப் போய்த் திரும்புவதற்குள், முத்து வைத்த பெரிய தொப்பி ஒன்று காகிதத்தில் சுற்றப்பட்டு வாசலைத் தாண்டிவிட்டது.

"ஐயோ, அது ராணியோட தொப்பி! இன்னிக்கு ஷோ இருக்கு!" என்று இவெட் அலறிக்கொண்டு தெருவில் ஓடினாள்.

"யாரு ராணி? முன்பணம் குடுத்திருந்தாளா? முதல்லயே சொல்ல வேண்டாமா?" என்றாள் வெர்னா.

ரஸ்ஸலுக்குச் சிரிப்பு வந்தது. பொய் எடுபட்டுவிட்டது, மாலை வரை தள்ளிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தான். அப்போதுதான் மிஸ்டர் ரோவன் கதவைத் திறந்தார்.

ரோவன் பியானோக்களுக்குச் சுதி சேர்க்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய துணைவர் சால் இறந்த பிறகு யாரோடும் பழகாமல் இருந்தவர். இந்தக் கடை ஜன்னலை வந்து வந்து பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் தைரியம் வந்து உள்ளே நுழைந்தார், மழை வருமா என்று கேட்டுவிட்டு ஓடிப்போனார். போன வாரம்தான் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். டிராம்போன் ஊதும் ஒருவர் வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். சாப்பாட்டோடு நிற்காது போலிருக்கிறது. 'அன்னிக்கு வாங்க, நான் எல்லாம் சொல்லித் தரேன்' என்று ரஸ்ஸல்தான் சொல்லியிருந்தான். அம்மா வரும் பரபரப்பில் அதை மறந்தே போனான்.

தொப்பிகளைப் பார்த்ததும் ரோவனின் முகம் வெளுத்தது.

"மன்னிக்கணும். கடைய மாத்திட்டீங்க போல. பரவால்ல, நான் மருந்துக் கடையில பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ள மாட்டார். அது ரஸ்ஸலுக்கு நிச்சயமாகத் தெரியும். மருந்துக் கடை வாசலில் நின்று மழையைப் பற்றி யோசித்துவிட்டு, வெறுங்கையோடு டிராம்போன்காரர் வீட்டுக்குப் போவார். டேனியும் அப்படித்தான் ஏதோ ஒரு மாலையில், கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, யார் வீட்டுக்கோ போயிருப்பான்.

அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோவனின் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது.

"நில்லுங்க மிஸ்டர் ரோவன்" என்றான் ரஸ்ஸல். வெல்வெட் திரையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். தொப்பிகள் உருண்டன. சுவர் முழுக்கப் பெட்டிகள் தெரிந்தன.

வெர்னா பக்கத்திலிருந்த முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். ரஸ்ஸல் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எப்படிப் பிரிப்பது, எப்படிப் போடுவது, எதைத் தடவக் கூடாது என்று ஒன்றுவிடாமல் ரோவனுக்குச் சொன்னான்.

"அளவு?"

ரோவன் காது வரை சிவந்தார். "பெரிசு. பெரிசுன்னே வெச்சுக்கங்களேன்."

முக்காலி நகர்ந்தது. வெர்னா எழுந்து வந்துவிட்டாள்.

"தம்பி, நான் முப்பது வருஷம் ஷூ வித்தவ. எங்க கடைக்கு வர்ற பொம்பளைங்க எல்லாம் ஒரு அளவு கொறச்சுச் சொல்லுவாங்க. இங்க கூட்டிச் சொல்லுவாங்க போல." அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஷூ அளவு தப்பினா கடிக்கும். இது தப்பினா என்னடா ஆகும்?"

"கழண்டுரும்மா."

"கழண்டா?"

"போட்டதே வீண்."

"அப்ப சரியானதயே எடுத்துக்கங்க தம்பி. வெக்கம் ஒரு நிமிஷம்தான், போயிரும்."

ரோவன் சிரித்துவிட்டார். அவர் சிரித்து ரஸ்ஸல் பார்த்ததே இல்லை. சரியான அளவையே வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது சொன்னார்: "சால் இருந்தப்போ இப்படி ஒரு கடை இல்லம்மா. இருந்திருந்தா..."

"என் சின்னவனுக்கும் இல்ல" என்றாள் வெர்னா. "டேனி. எய்ட்ஸ்ல போனான்."

அந்தச் சொல்லை அம்மாவின் வாயிலிருந்து ரஸ்ஸல் கேட்டது அதுதான் முதல் தடவை. ரோவன் அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

"ஊர்ல நிமோனியான்னு சொல்லிட்டுத் திரியறேன்டா" என்றாள். "ஒவ்வொரு தடவை சொல்றப்பவும் அவன திரும்பப் பொதைக்கற மாதிரி இருக்கு."

"நானும்தானேம்மா தலையாட்டினேன்."

"ஆட்டின. அது பத்தாதுன்னு தொப்பிக் கடைன்னு வேற சொன்ன. யாரு வளத்த புள்ள!" என்று அவன் தலையில் ஒன்று வைத்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். ரஸ்ஸலுக்கு மனசு லேசானது.

அப்போது கதவு திறந்தது. தங்க எழுத்துப் பலகையை நம்பி ஒரு வயதான தம்பதி எட்டிப் பார்த்தார்கள். "இது தொப்பிக் கடைதானேம்மா?"

ரஸ்ஸல் வாயைத் திறப்பதற்குள் வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள்.

"இல்லம்மா, காண்டம் கடை. என் மூத்த பையனோடது" என்றாள். "உள்ள வாங்க, கதவச் சாத்துங்க, குளிர் வருது."