செங்காவிக் கட்டம்

செண்பகத்தோப்பு போகும் வழியில் அந்தக் கருங்கல் வீட்டை வாங்கியதிலிருந்து ராம்கிக்குப் பழமைக் கிறுக்கு பிடித்துவிட்டது. ராஜபாளையத்து மில்லில் நாள் முழுக்க எந்திரங்களோடு மல்லுக்கட்டுகிற மனுஷன், வீட்டு வாசலில் கால் வைத்ததும் தொல்லியல் துறை ஆபீசர் ஆகிவிடுவான். சிமெண்ட் என்ற பேச்சே ஆகாது. சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் கலந்துதான் பூசவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். பூசிய மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து எறும்பெல்லாம் வரிசை கட்டி வந்துவிட்டன. அதையும் நின்று ரசித்தான்.

அவன் மனைவி அனுசியாவுக்கும் வீடு பிடித்துத்தான் இருந்தது. நடு வெயிலில் அந்தக் கல்லில் கன்னத்தை வைத்தால் அப்படியொரு குளிர்ச்சி. ஒரே குறை, அடுப்படி. அங்கே பேருக்குக்கூட ஒரு சன்னல் கிடையாது. மில் ஹாஸ்டலுக்கு மதியச் சாப்பாடு செய்துகொடுப்பது அவள் தொழில். அரைநாள் அடுப்பு முன்னால்தான் பொழுது போகும். அந்தப் புழுக்கத்தில் வேக முடியாது, காற்று வர வழியில்லையென்றால் அவள் ஆசையாக வளர்த்த தொழிலையே விட்டுவிட வேண்டியதுதான்.

"ஏங்க, மேக்குச் சுவத்துல ஒரே ஒரு சன்னல். மலைக்காத்து அங்கதான வருது?"

"கட்டுனவிய என்ன, கூறு கெட்டவியளா? வேணும்னா அவியளே வச்சிருக்க மாட்டாவளா? பழசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா, அனு?"

"அவிய மரியாதைக்கு நான் வேகணுமாக்கும்!"

இந்தச் சண்டை ஓயுமுன்பே கொத்தனார் தவசிமுத்து அதே சுவரில் பழைய வெள்ளையைச் சுரண்டினார். உள்ளே செங்காவியில் ஒரு கட்டம் தெரிந்தது. நடுவே கம்பி கம்பியாகக் கோடுகள். இன்னும் சுரண்ட, அடுத்த வெள்ளைக்கு அடியில் அதே கட்டம். அதற்கும் அடியில் இன்னொன்று.

ராம்கி கூத்தாடினான். "ஏட்டி, இது காவல் சக்கரம்! வருசா வருசம் பூசை பண்ணி வரைஞ்சிருக்காவ!" போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டான். பாண்டியர் காலம் என்று ஒரு நண்பன் அடித்துவிட்டான். அப்புறம் கேட்க வேண்டுமா? கட்டத்துக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. சன்னல் ஆசை அத்தோடு போயிற்று என்று அனுசியா மனசைத் தேற்றிக்கொண்டாள்.

பால் காய்ச்சுகிற நாளில் ஆனந்தவல்லி வந்தாள். வீட்டை விற்றவர்களின் அக்கா, அங்கேயே பிறந்து வளர்ந்து தூத்துக்குடிக்கு வாக்கப்பட்டவள். ராம்கி அவளைக் கையோடு அடுப்படிக்கு அழைத்துப் போய், பெருமை பொங்கக் கட்டத்தைக் காட்டினான்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் பந்தியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"தம்பி, இது சக்கரமும் இல்ல, பூசையும் இல்ல. எங்கம்மா போட்ட சன்னல்! இங்க ஒண்ணு வேணும்னு அப்பாட்ட கேட்டுக்கேட்டு அலுத்துப்போயி, செங்காவியெடுத்துச் சுவத்துல வரைஞ்சிட்டாவ. பொங்கலுக்கு அவரு அதுமேல வெள்ளையடிப்பாரு. வாளியக் கழுவிட்டு வாரதுக்குள்ள அம்மா மறுபடியும் போட்டுருவாவ."

"பொறவு?" என்றாள் அனுசியா.

"பொறவு என்ன, கடைசி வரைக்கும் வெயர்வையிலயே வெந்து போய்ச் சேந்தாவ." அவள் கண் கலங்கிவிட்டது.

ராம்கிக்கு முகம் தொங்கிப்போயிற்று. "இம்புட்டு நாளும் நான் சன்னல் வைக்க விடாத உங்க அப்பாவுக்குல்லா மரியாதை செஞ்சிட்டு இருந்திருக்கேன்" என்றபடி மாலையைக் கழற்றினான். பந்தியைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "தவசிமுத்தண்ணே, கடப்பாறை எங்க?"

பாயசத்தில் இருந்த தவசிமுத்து திடுக்கிட்டார். "நல்ல நாளும் அதுவுமாவா?"

"அதுக்குத்தான் கேக்கேன்."

"மேல தாங்குகல்லு குடுக்காம முழுசும் தொறக்க முடியாது தம்பி. அது நாளைக்குப் பாப்போம். இப்ப நடுவுல ஒரு கல்ல வேணா உருவலாம்."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராம்கியே நெம்பினான். உள்கல் ஆடி ஆடி வந்தது. அடுத்த நெம்பலில் வெளிக்கல் தோட்டத்தில் தொப்பென்று விழ, பானை நுழைகிற அளவுக்கு வெளிச்சம் உள்ளே வந்தது. பின்னாலேயே காற்றும் வந்தது. காப்பிக்கு ஏற்றியிருந்த அடுப்பின் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பந்தியே கைதட்டியது.

அனுசியா முதலில் போய் நிற்கவில்லை. ஆனந்தவல்லியைத் தோளைப் பிடித்து அடுப்புக்கு முன்னால் நிறுத்தினாள். "நீங்க நில்லுங்கக்கா."

ஆனந்தவல்லியின் நெற்றி வியர்வை காய்ந்தது, நரைத்த முடி பறந்தது. அவள் முகத்தை அந்தப் பொத்தலுக்கு நேரே வைத்து, யார் இருக்கிறார்கள் என்றும் பாராமல், "அம்மா, காத்து வந்துருச்சும்மா!" என்று சத்தமாகச் சொன்னாள்.